பாட்டையா மூக்கு

மகள் கல்யாணம் முடிந்த ஐம்பத்திரண்டாம் நாள் ஆல்பம் வந்தது. ஐம்பதாம் நாள் தருவதாகப் போட்டோக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் தாமதத்தை டைரியில் எழுதிவிட்டுத்தான் ஆல்பத்தைத் திறந்தேன். எனக்கு அப்படி ஒரு வழக்கம். தேதி, கிழமை, மழையா வெயிலா, அதற்குப் பிறகுதான் மற்ற சேதி. இங்கே மட்டும் தேதிகளை எடுத்துவிட்டேன். இதில் வருகிறவர்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரிடம் அதே நாட்களில் நான் வேறு கதை சொல்லியிருக்கிறேன்.

பதினேழாம் பக்கத்தில் மணமக்களுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். பட்டுப்புடவை என்னுடையது. வைரத்தோடு என்னுடையது. மூக்கு என்னுடையது இல்லை.

போட்டோக்காரருக்குப் போன் செய்தேன்.

"லைட்டாத்தான் சரி பண்ணிருக்கோம் ஆச்சி. பொண்ணோட அம்மாவுக்கெல்லாம் வழக்கமாப் பண்றதுதான். பிடிக்கலைன்னா பழையபடி ஆக்கித் தந்துருவேன்."

கிழமை ஒன்று தப்பாக அச்சானதற்காக முழுக் கல்யாணப் பத்திரிகையையும் திருப்பி அனுப்பியவள் நான். அன்று என் வாயிலிருந்து வந்தது, "இருக்கட்டும்" என்ற ஒரு சொல்தான். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

என் மூக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புருவத்துக்கு நடுவே அமைதியாகப் புறப்படும். பாதி தூரத்தில் திடீரென்று ஒரு மேடு. மேட்டிலிருந்து இறங்கி நுனிக்கு வரும்போது, உதட்டைக் கேட்காமலேயே கொஞ்சம் கீழே குனிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் என் நிழலை வைத்து என்னைக் கண்டுபிடிப்பார்கள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், பெண்ணைப் பிடித்திருக்கிறது, பக்கவாட்டில்தான் யோசனையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என்னைப் பெற்ற ஆத்தா, பார்க்கிறவர்கள் கண்ணை மூக்கிலிருந்து திருப்ப வேண்டும் என்று பெரிய வைரமாகப் பார்த்து மூக்குத்தி போட்டார்கள். கோபுரத்துக்கு விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று.

ஆனால் பிறந்த வீட்டில் இதற்குப் பெரிய மரியாதை. நேமத்தான்பட்டியில் எங்கள் வீட்டு முகப்பில், உள்வாசல் நிலைக்கு மேலே, ஆளுயர எண்ணெய்ச்சாய ஓவியம் ஒன்று உண்டு. வீட்டைக் கட்டியவர், நாங்கள் ஐயா என்று அழைக்கும் தாத்தாவின் தந்தை, எனக்குப் பாட்டையா. நரைத்த மீசை, தலைப்பாகை, கையில் தடி. முகத்தின் நடுவே அச்சாக என் மூக்கு. பாட்டையாவிடமிருந்து ஐயாவுக்கு, ஐயாவிடமிருந்து என் அப்பாவான அப்பச்சிக்கும் அவர் தங்கையான அயித்தைக்கும், அப்பச்சியிடமிருந்து எனக்கு. என் தம்பிக்கு மட்டும் ஆத்தாவின் சப்பை மூக்கு. எங்கள் சமூகத்தில் கல்யாணமான ஆண்பிள்ளை ஒரு புள்ளி. கோயிலிலும் பங்காளி வீட்டிலும் அவன் குடும்பத்தைத்தான் எண்ணுவார்கள். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக் கணக்கில் வரமாட்டாள். புள்ளியாக எண்ணப்படாத நான்தான் மூக்கைச் சுமந்தேன். அந்தப் பெருமையில்தான் அந்த வீட்டுப் பிறப்பு, இறப்பு, கல்யாணங்களை எல்லாம் தேதி தேடிப் பிடித்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். கேட்டவர் யாருமில்லை.

தம்பி இப்போது வீட்டின் முன்பாதியை வெளிநாட்டார் வந்து தங்குவதற்கு விட்டிருக்கிறான். ஒருமுறை நான் போயிருந்தபோது, ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் என்னைத் தோளைப் பிடித்து ஓவியத்துக்குக் கீழே நிறுத்தி, பக்கவாட்டில் திருப்பி, படம் எடுத்துக்கொண்டார். காட்சிப் பொருட்களில் எனக்கு மட்டும்தான் மூச்சு இருந்தது.

ஆல்பம் வந்த வாரம் முழுக்கப் பதினேழாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடக்காத ஒன்றைப் பதிவு செய்வது எனக்கு ஆகாது. ஆனாலும் அந்தப் பக்கம் மட்டும் தானாகத் திறந்துகொள்ளும் அளவுக்கு மடிப்பு விழுந்துவிட்டது. கடைசியில் ஒரு மத்தியானம் கணவரிடம், இவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். இவர்களுக்குக் காரைக்குடியில் இரும்புச் சாமான் கடை. எதையும் அளந்து பார்த்துப் பேசுகிறவர்.

"மூக்கை ஆபரேசன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"மூக்குல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ஆபரேசன்?"

"பாக்க நல்லாருக்கணும்னுதான்."

ரசத்தை ஊற்றிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. இனிமே யாரு பாக்கணும்?"

"நான் பாக்கணும்."

ரசச் சாதம் முடிந்தது. மோர் ஊற்றும்போது, "மதுரையிலதான் நல்ல டாக்டர் இருப்பாக" என்றார்கள். சம்மதம் என்று டைரியில் எழுதிக்கொண்டேன்.

மதுரை டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நேராக, பக்கவாட்டில், கீழிருந்து மேலாக என்று என் மூக்கை எட்டுப் படம் எடுத்தார். பிறகு கம்ப்யூட்டரில் என் பக்கவாட்டு முகத்தை வைத்து, மேட்டைக் கொஞ்சம் தேய்த்தார், நுனியைக் கொஞ்சம் தூக்கினார். திரையில் ஒருத்தி வந்தாள். அழகாக இருந்தாள். யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் சொல்ல முடியாத அழகு. எனக்கு உடனே அந்த மூக்கு வேண்டும் போலவும், எழுந்து ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

ஒரு வாரம் மூக்கில் கட்டு, கண்ணைச் சுற்றிக் கன்றிப்போவது பதினைந்து நாள், வீக்கம் முழுதும் வடிய ஒரு வருடம் ஆகலாம் என்றார். எழுதிக்கொண்டேன். அஷ்டமி, நவமி இல்லாத நாளாகக் கேட்டேன்.

"எனக்குத் தியேட்டர் கிடைக்கிற நாள்தாம்மா நல்ல நாள்" என்று ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். தசமி. விட்டுவிட்டேன்.

ஊரில் சைனஸ் என்று சொல்லிவைத்தேன். டைரியிலும் சைனஸ் என்றே எழுதி, மேற்கோள் குறி போட்டேன், வருங்காலத்தில் படிப்பவர் ஏமாறக் கூடாது அல்லவா. ஆனால் சைனஸ் என்று சொன்னால் காரைக்குடியில் சும்மா விடுவார்களா? எதிர்வீட்டு ஆச்சி ஒரு கட்டு நொச்சி இலையோடு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, நான் போர்வைக்குள் ஆவி பிடித்து முடிக்கும் வரை நகரவில்லை. மூன்று நாள் வந்தார்கள். இல்லாத நோய்க்கு வேர்த்து ஒழுகியதில் மூக்கு இன்னும் கொஞ்சம் பளபளப்பானதுதான் மிச்சம்.

படிக்கவும் செய்தேன். வெட்டுப்பட்ட மூக்கை நெற்றித் தோலை எடுத்துத் தைக்கும் வைத்தியம் இந்த நாட்டில் மிகப் பழையது என்று படித்தபோது தெம்பாக இருந்தது. அடுத்த பக்கத்தில், பெரும்பாலும் தண்டனையாக மூக்கறுக்கப்பட்டவர்களுக்குத்தான் தைத்தார்கள் என்று இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். அவர்கள் அறுபட்ட பிறகு வைத்தியரிடம் போனார்கள். நானோ நாள் குறித்துக்கொண்டு போகிறேன்.

காலையில் கண்ணாடி முன்னால் நின்று மேட்டின் மேல் விரலை வைத்து மறைத்துப் பார்ப்பேன். ஒரு நாள், நாற்பத்தேழு வருடம் தூக்கிச் சுமந்தாயிற்று, போதும் என்று தோன்றும். மறுநாள், நேமத்தான்பட்டி முகப்பில் பாட்டையாவுக்குக் கீழே புது மூக்கோடு எப்படிப் போய் நிற்பது என்று தோன்றும். இந்த இரண்டு நாளும் மாறி மாறி வந்தன. ஒற்றைப்படைத் தேதிகளில் தைரியம், இரட்டைப்படையில் பயம் என்றுகூட ஒரு ஒழுங்கு இருப்பதாக நினைத்துச் சரிபார்த்தேன். இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அயித்தை போன் செய்தார்கள். அப்பச்சியின் தங்கை, எழுபத்தொன்பது வயது, அமராவதிபுதூரில் இருக்கிறார்கள். அப்பச்சி போன பிறகு அந்த மூக்கு எங்கள் இருவரிடம்தான் மிச்சம். கணவர் என் தம்பியிடம் உளற, தம்பி அயித்தையிடம் உளறியிருக்கிறான்.

"சைனஸுன்னு சொன்னியாமே?"

நான் டைரியை மூடிவைத்தேன்.

"அப்ப இத்தனை வருசமா என் மூஞ்சியப் பாத்து அசிங்கம்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தியாத்தா?"

"ஐயய்யோ, உங்களுக்கு அம்சமா இருக்கு அயித்தை."

"எனக்கும் ஒனக்கும் ஒரே மூக்கு. எனக்கு அம்சமா இருந்தா ஒனக்கு மட்டும் என்ன கேடு?"

என் விரல் தானாக மூக்கு மேட்டின் மேல் போனது.

"பாட்டையா குடுத்தது. வேணும்னா வச்சுக்கிறதுக்கும் வேணாம்னா ஒடுக்கெடுத்துக்கிறதுக்கும் அது என்ன பித்தளைப் பானையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

டாக்டரிடம் போகும்போது நான் என் மூக்கை மட்டும்தான் கொண்டுபோனதாக நினைத்திருந்தேன். அயித்தையின் முகத்தையும் சேர்த்து மேசை மேல் வைத்து, இதைச் சரிசெய்யுங்கள் என்று கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் பேசி வெள்ளிக்கிழமையை ரத்து செய்துவிடலாம் என்று எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் வந்தது. அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான். எங்களில் அக்காளையும் ஆச்சி என்றுதான் அழைப்போம்.

"ஆச்சி, வைய்யிறதுக்கு முன்னாடி இதக் கேட்டுக்கோங்க. பாட்டையா படத்துச் சட்டத்துல செல்லு அரிச்சிருக்குன்னு இன்னைக்குக் கழட்டிருக்கோம். சட்டத்துக்குள்ள மறைஞ்சிருந்த ஓரத்துல, வரைஞ்சவரு கையெழுத்தும் வருசமும் இருக்கு. நீங்க தேதின்னா உசிரை விடுவீகளேன்னுதான்."

"சொல்லு."

சொன்னான். நோட்டை எடுத்துப் பார்த்தேன். பாட்டையா காலமாகி ஒன்பது வருடங்களுக்குப் பிந்திய வருடம் அது.

முதலில் ஓவியர் தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் முடிவு செய்தேன். என் நோட்டைவிட அவர் தூரிகையை நம்ப வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனாலும் பாட்டையா இறந்த தேதியை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று பக்கத்தை விரித்தபோது, எதிர்ப்பக்கம் கண்ணில் பட்டது. என் கையெழுத்துதான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானே எழுதியது. பாட்டையாவுக்குப் பிள்ளை இல்லாததால், என் ஐயாவைப் பத்து வயதில் வேறொரு ஊரிலிருந்து பிள்ளை கூட்டி வந்தார்கள் என்று, மாதம், நட்சத்திரத்தோடு எழுதியிருந்தேன்.

இது ரகசியமே அல்ல. பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, எங்கள் ஊர்களில் ஒளித்துச் செய்கிற காரியமில்லை. பங்காளிகளை அழைத்து, எழுதிப் படித்து, விருந்து வைத்துத்தான் கூட்டுவார்கள். கூட்டி வந்த பிறகு, பெற்ற பிள்ளை வேறு, கூட்டிய பிள்ளை வேறு என்று பேசுவது மரியாதையல்ல. யாரும் பேசமாட்டார்கள். அந்த மரியாதையை நாங்கள் மூக்கு வரைக்கும் நீட்டிவிட்டோம். ஐயா கூட்டி வந்த பிள்ளை என்பதும் எல்லோருக்கும் தெரியும், ஐயா மூக்கு பாட்டையா கொடுத்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் ஒரே சமயத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. மற்றவர்களை விடுங்கள். எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, பன்னிரண்டு வருடம் நோட்டைத் தினம் மூடித் திறந்த நான்?

அப்படியென்றால், செத்து ஒன்பது வருடம் ஆன பாட்டையா முகத்தில் ஐயாவின் மூக்கு எப்படி வந்தது?

மறுநாள் நோட்டோடு அமராவதிபுதூருக்குப் போனேன். அயித்தை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளம்பரத்தைக்கூடக் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அயித்தை, அந்தப் படத்துக்கு யாரு உக்காந்தது?"

"எந்தப் படத்துக்கு?"

"பாட்டையா படத்துக்கு."

"எங்க அப்பச்சிதான், ஒங்க ஐயா" என்றார்கள், சர்வசாதாரணமாக. "பாட்டையாவுக்குப் போட்டோவே கெடையாதுல்ல. வரையிறவரு வந்து, ஆளப் பாக்காம எப்படி வரையிறதுன்னு நின்னுருக்காரு. வாரிசத்தான் பாக்கணும்னு எங்க அப்பச்சிக்குத் தலப்பாவக் கெட்டி, தடியக் குடுத்து உக்கார வச்சிட்டாக. மீசைய மட்டும் நரைக்க வச்சிருக்காரு. பதினாறு நாளு அசையாம உக்காந்து கழுத்துப் புடிச்சுக்கிச்சுன்னு அப்பச்சி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

"இத ஏன் இத்தனை வருசமா என்கிட்டச் சொல்லலை?"

"நீ தேதி மட்டுந்தானடி கேப்ப."

நோட்டைத் திறந்து இரண்டு பக்கத்தையும் காட்டினேன். அயித்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம் படித்தார்கள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தோள் வரை வந்து, கடைசியில்தான் சத்தமானது. டிவியை அணைத்தார்கள்.

"அப்ப பாட்டையா நமக்கு மூக்குக் குடுக்கலை. நம்மதான் பாட்டையாவுக்குக் குடுத்துருக்கோம்!"

"ஆமா. நம்ம வீட்டுல முதல் மூக்கு ஆபரேசன் அவுகளுக்குத்தான் நடந்திருக்கு. அதுவும் செத்த பிறகு."

"அவுக நெசமான மூக்கு எப்படி இருந்துச்சோ."

அதுதான் யாருக்கும் தெரியாது. மதுரை கம்ப்யூட்டர் காட்டிய அந்தச் சின்ன மூக்காகவே இருந்திருக்கலாம். அப்படியானால் நான் பாட்டையாவைவிட்டு விலகிப் போகவில்லை. அவரிடம் திரும்பித்தான் போகிறேன். இந்த வாதத்தை அயித்தையிடம் சொன்னேன். "ஒனக்கு வேணுங்கிற பக்கமெல்லாம் வளைக்கிற" என்றார்கள். உண்மைதான். ஆனால் சிரித்து முடித்ததும் எனக்குள் ஏதோ காலியானது போல் இருந்தது. அதுவரை, வேண்டாம் என்று சொல்லப் பாட்டையா இருந்தார். பயம் வந்த நாட்களில் அவர் பின்னால் ஒளிந்துகொண்டேன். இப்போது படத்திலிருந்து அவர் இறங்கிப் போய்விட்டார். மிச்சம் இருந்தது என் மூக்கும், எதிரே அதே மூக்கோடு உட்கார்ந்திருக்கும் அயித்தையும்தான்.

"அந்தப் புது மூக்கக் காட்டு" என்றார்கள்.

போனில் டாக்டர் அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்கள். "எனக்கும் ஒண்ணு போட்டுப் பாரேன்" என்று மெதுவாகச் சொன்னார்கள்.

முகத்தை மாற்றிக் காட்டும் செயலி ஒன்றை மகள் என் போனில் ஏற்றித் தந்திருந்தாள். அயித்தையைச் சன்னல் பக்கம் திருப்பிப் படம் எடுத்து, மேட்டைத் தேய்த்து, நுனியைத் தூக்கிக் கையில் கொடுத்தேன்.

"யாருடி இவ?"

"நீங்கதான்."

"நானா? அடுத்தவுக வீட்டுப் பந்தியில மொத ஆளா உக்காந்து, சாப்பிட்டுட்டுச் சொல்லாமக் கொள்ளாமப் போறவ மாதிரியில்ல இருக்கா!" போனைத் தள்ளிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தார்கள். "எனக்கு ஒத்து வராது. ஒனக்கு நல்லாத்தான் இருக்கு. போயிப் பண்ணிக்க."

"உங்களுக்கு வருத்தமில்லையே?"

"இருக்கு. அதுக்காக ஒன் மூக்க நானா தூக்கிக்கிட்டுத் திரியிறேன்?"

வாசல் வரை வந்தவர்கள், நான் செருப்பை மாட்டும்போது காதருகே குனிந்தார்கள். "அந்தப் படத்த அழிச்சிராத. அப்பப்பப் பாத்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் காரில் கிளம்பினோம். சரியாக ஐந்து ஐம்பது, வானம் மூட்டம். திருப்பத்தூர் தாண்டும் வரை இவர்கள் கடைக் கணக்கைப் பேசிக்கொண்டு வந்தார்கள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒன் மூக்கத்தான் பாத்தேன்."

"பிடிச்சிருந்துச்சா?"

"வேற எதையும் பாக்க விடலை."

இது பாராட்டா, குறையா என்று மேலூர் வரை யோசித்தேன். கேட்கவில்லை. டைரியில் மட்டும் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில், குடும்பத்தில் யாருக்காவது முன்பு அறுவை சிகிச்சையில் சிக்கல் வந்ததுண்டா என்று ஒரு கேள்வி. பாட்டையாவைப் பற்றி நான்கு வரி எழுதலாமா என்று கை துறுதுறுத்தது. இடம் ஒரு வரிதான் இருந்தது. இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தேன். பேனா நகரவில்லை. திரையில் வந்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். இனி முகப்பில் என்னைப் பார்த்து, இந்த வீட்டுப் பெண்ணா என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை.

அந்த நேரம் நர்ஸ் வந்து மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார். மகள் பிறந்த வருடம் கடைசியாகத் திருகியது. அதன் பிறகு கழற்றியதே இல்லை. நர்ஸ் திருகிப் பார்த்தார், சோப்புப் போட்டுப் பார்த்தார். இவர்கள் கடையில் பழகிய கையால் ஒரு முயற்சி செய்தார்கள். மரை இறுகிவிட்டது என்று தீர்ப்பு வந்தது. நான் அயித்தைக்குப் போன் செய்தேன்.

"தேங்கா எண்ணெய ஒரு சொட்டு விட்டு, ஊறட்டும்னு விடு. அவசரப்படாத. இடம்பக்கமாத் திருகு. ஒனக்கு இல்ல, பாக்குறவுகளுக்கு இடம்பக்கம்."

நர்ஸ் எங்கிருந்தோ எண்ணெய் வாங்கி வந்தார். போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். சின்னதாக ஒரு அசைவு. வைரம் நர்ஸின் உள்ளங்கையில் விழுந்தது.

"வந்துருச்சு அயித்தை."

"தாள்ல மடிச்சு அவுககிட்டக் குடு, சட்டப்பையில போட வேணாம்னு சொல்லு." வைக்கப்போனவர்கள் மறுபடி வந்தார்கள். "ஆமா, புது மூக்குல மூக்குத்தி ஓட்ட இருக்குமா? கேட்டியா?"

நான் கேட்கவில்லை. வீக்கம் வடியும் நாள் முதல் திதி வரை எழுதி வாங்கிய நான் அதைக் கேட்கவில்லை. போனைக் கையால் மூடாமலே நர்ஸைப் பார்த்தேன்.

"அதை ஒண்ணும் பண்ணமாட்டாங்கம்மா. எலும்பையும் நுனியையும்தான் தொடுவாங்க. ஓட்டை அதே எடத்துல அப்படியேதான் இருக்கும்."

அயித்தைக்குக் கேட்டிருந்தது.

"அப்பச் சரி" என்றார்கள். "மேல இருக்கிறத அவுக என்னமும் பண்ணிக்கிறட்டும். ஓட்டை நம்மளது."

கையெழுத்துப் போட்டேன். கீழே தேதி எழுத மறந்துவிட்டேன் என்று நர்ஸ் படிவத்தைத் திருப்பித் தந்தார்.